பிறப்பின் கணக்கை ஆராய்ந்த பேரறிஞர் ஹால்டேன்

ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் பெரியோர் மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். ஆணா, பெண்ணா என்பது முதற்கேள்வி. முகம் யாரைக் கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்பது மூன்றாவது. முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை தருவது இயற்கை. மூன்றாவது கேள்விக்கு விடை தருவது மனிதன். ஆயினும் அம்மூன்றாம் விடையையும் இயற்கையே எழுதி அனுப்பியது போல நெடுங்காலமாக நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். அறிவும் அறியாமையும், உயர்வும் தாழ்வும் இரத்தத்திலேயே ஊறி வருவன என்று சொல்வோர் இன்றும் இல்லாமற் போகவில்லை.

இக்கூற்று மெய்யா, பொய்யா என்பதை உணர்ச்சியால் முடிவு செய்யாமல், கணக்கிட்டும் சோதித்தும் அறிய முயன்ற விஞ்ஞானிகளுள் முதல் வரிசையில் நிற்பவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக வாழ்ந்து, இந்த மண்ணிலேயே மறைந்தவர் அவர். நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரைப் படிக்கும் இளைஞர்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது பெரிதும் பயனளிக்கும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

இளமையும் கல்வியும்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் நச்சுவாயுவால் மடிவதைக் கண்டு, அக்காற்றைத் தாமே மூச்சில் இழுத்துச் சோதித்தவர். சிறுவனாயிருந்த மகனையும் அவர் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வதுண்டு. ஏழைத் தொழிலாளியின் உயிரைக் காப்பதும் விஞ்ஞானத்தின் வேலையே என்பதை ஹால்டேன் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டார்.

எட்டு வயதில் தந்தையாருடன் ஒரு சொற்பொழிவைக் கேட்கச் சென்றார். மெண்டல் என்பவரின் கண்டுபிடிப்பைப் பற்றிய சொற்பொழிவு அது. மெண்டல் ஓர் ஏழை உழவரின் மகன். துறவு மடத்தில் சேர்ந்து, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு செல்கின்றன என்பதை எண்ணிக் கணக்கிட்டவர். 1866ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரையை உலகம் 1900ஆம் ஆண்டு வரை கண்டுகொள்ளவில்லை. அதன் பின்னரே மரபியல் என்னும் துறை பிறந்தது. அத்துறையும் ஹால்டேனும் ஒன்றாக வளர்ந்தனர் எனலாம்.

ஹால்டேனும் அவர் தங்கை நவோமியும் வீட்டில் கினிப்பன்றிகளை வளர்த்து, எந்த நிறக் குட்டி எத்தனை பிறக்கிறது என்று குறித்து வைத்தனர். பின்னர் எலிகளில் செய்த ஆய்வு 1915ஆம் ஆண்டில் அண்ணன், தங்கை, நண்பர் ஸ்பிரண்ட் ஆகிய மூவர் பெயரிலும் கட்டுரையாக வெளிவந்தது. அவ்வேளையில் ஹால்டேன் போர்முனையில் இருந்தார். ஸ்பிரண்ட் போரில் மாண்டு போயிருந்தார்.

ஈட்டன் பள்ளியில் மூத்த மாணவர்களால் ஹால்டேன் பெரிதும் துன்புறுத்தப்பட்டார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கணிதமும், பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் தத்துவமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானத்தில் அவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை. பட்டம் பெறாத துறையில் உலகமே போற்றும் பேராசிரியராக உயர்ந்தார் என்பதை நம் மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதல் உலகப் போரில் காயமுற்ற ஹால்டேன், உடல் தேறுவதற்காக 1917ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாடு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆளும் இனத்து அதிகாரியாக இருந்தமையால் இந்தியருடன் சமமாகப் பழக இயலவில்லை. சமமானவனாகப் பழக முடியும் காலத்திலேயே மீண்டும் இங்கு வருவது என்று உறுதி பூண்டு திரும்பினார். அவ்வுறுதி நிறைவேற நாற்பது ஆண்டுகள் ஆயின.

கருவறையில் நிகழ்வது

ஹால்டேனின் ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள, ஒரு மனித உயிர் தொடங்கும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

நம் உடலின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. பண்புகளைத் தாங்கிச் செல்லும் மரபணுக்கள் இவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. தாயின் முட்டையில் 23, தந்தையின் விந்தணுவில் 23. இரண்டும் கருக்குழாயில் ஒன்றுகூடும்போது மீண்டும் 46 ஆகின்றன. அந்த ஓர் உயிரணு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகிக்கொண்டே நகர்ந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையின் உட்சுவரில் பதிகிறது. நான்காவது வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். மூளையும் தண்டுவடமும் ஆக வேண்டிய குழாய் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குத் தாம் சூல்கொண்டிருப்பதே அந்நாளில் தெரிந்திராது. இதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். எட்டு வாரங்களில் உறுப்புகளின் அடிப்படை அமைந்துவிடுகிறது. கருவுற்ற நாளிலிருந்து ஏறக்குறைய 38 வாரங்களில் குழந்தை பிறக்கிறது.

ஆணா, பெண்ணா என்பது கருவுறும் கணத்திலேயே முடிவாகிறது. தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் என்னும் குரோமோசோமையே தரும். தந்தையின் விந்தணு எக்ஸ் தந்தால் பெண். ஒய் தந்தால் ஆண். இதில் தாயின் செயல் ஒன்றும் இல்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது என்று மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் ஆடவன், தன் உடல் அனுப்பிய செய்திக்காக அவளைத் தண்டிக்கிறான். அத்தந்தையும் குற்றவாளி அல்லன். அவனும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. குற்றம் பெண் குழந்தையைக் குறைவாக எண்ணும் மனத்தில் இருக்கிறது. கருவின் பாலைக் கண்டறிந்து வெளியிடுவதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது என்பதையும் இங்கு நினைவூட்டுகிறேன்.

நோயின் கணக்கு

ஹால்டேன் 1923 முதல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் பணியாற்றினார். மெண்டலின் மரபு விதியையும் டார்வினின் இயற்கைத் தேர்வையும் கணிதத்தால் இணைத்த மூவருள் அவர் ஒருவர். மற்ற இருவர் ஃபிஷர், ரைட் என்போர். இவ்வாய்வுகளின் சாரத்தை 1932ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அவருடைய கணக்கு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஹீமோஃபீலியா என்பது காயம் பட்டால் குருதி உறையாத நோய். இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது பழுதானால் நோய் வரும். ஆகவே நலமாயுள்ள தாய்க்கு நோயுள்ள மகன் பிறக்கக்கூடும். அக்காலத்தில் இந்நோயுள்ள சிறுவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்து பிள்ளை பெறுமுன் மாண்டனர். அப்படியாயின் சில தலைமுறைகளில் நோய் மறைந்திருக்க வேண்டுமே, ஏன் மறையவில்லை என்று ஹால்டேன் வினவினார்.

மறையும் அளவுக்குப் புதிதாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது என்பதே விடை. மக்கள்தொகையிலுள்ள எக்ஸ் குரோமோசோம்களுள் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. நோயுற்ற ஆண்கள் பிள்ளை பெறாது இறந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் பழுதான மரபணுக்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும். அந்த இடத்தைப் புதிய மாற்றங்களே நிரப்ப வேண்டும். இவ்வாறு எண்ணி, ஏறத்தாழ 50,000க்கு ஒன்று என்ற அளவில் அம்மரபணு புதிதாக மாறுகிறது என்று 1935ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். மனித மரபணு ஒன்றின் மாற்ற வேகத்தை அவர் காலத்தில் வேறெவரும் இவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டதில்லை. இம்மாற்றம் பெண்ணின் முட்டையைவிட ஆணின் விந்தணுவிலேயே மிகுதியாக நிகழ்கிறது என்றும் 1947ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நோயுள்ள பிள்ளையைப் பெற்றவள் என்று தாயை மட்டும் பழிக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

1937ஆம் ஆண்டில் ஜூலியா பெல் அம்மையாருடன் சேர்ந்து, ஹீமோஃபீலியாவும் நிறக்குருடும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்து சேர்ந்தே வழிவழி செல்வதை நிறுவினார். மலேரியா மிகுந்த நாடுகளில் தாலசீமியா என்னும் இரத்தநோயின் மரபணு ஏன் நிலைத்திருக்கிறது என்பதற்கு, அம்மரபணுவை ஒற்றையாகப் பெற்றவர்களை அது மலேரியாவிலிருந்து காக்கக்கூடும் என்று 1940களின் இறுதியில் காரணம் கூறினார். ஒத்த செய்தியை அரிவாள் வடிவ இரத்த அணு நோயில் 1954ஆம் ஆண்டில் அல்லிசன் என்னும் மருத்துவர் மெய்ப்பித்தார். ஓரிடத்தில் குறையாக இருப்பது வேறோரிடத்தில் காப்பாக இருக்கலாம் என்பது இதனால் விளங்கிற்று.

தாய்க்கு ஆர்.எச். எதிர்வகை இரத்தமும், வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆர்.எச். நேர்வகை இரத்தமும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகச் செயற்படக்கூடும். இன்று தடுப்பூசியால் இதைத் தவிர்க்கலாம். அத்தடுப்பு இல்லாத 1942ஆம் ஆண்டில் ஹால்டேன் இதனையும் கணக்கிட்டார். இவ்விரு வகையும் ஒரே மக்களிடம் நெடுங்காலம் சமநிலையில் நீடிக்க இயலாது. ஆகவே ஐரோப்பியர் வெவ்வேறு மக்கள் கலந்து உருவானவரே என்று முடிவு கண்டார். தூய இனம் என்ற பெயரால் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனவெறிக்கு எதிராக

ஜெர்மனியில் இட்லர் ஆட்சி 1933ஆம் ஆண்டில் கட்டாய மலடாக்கச் சட்டத்தை இயற்றியது. மரபு நோயாளிகள் எனச் சொல்லப்பட்ட ஏறத்தாழ 4 லட்சம் பேர் அச்சட்டத்தால் மலடாக்கப்பட்டனர். மரபியலின் பெயராலேயே இக்கொடுமை நடந்தது. அத்துறையின் பேராசிரியரான ஹால்டேன் வாளாவிருக்கவில்லை. மரபும் அரசியலும் பற்றி 1938ஆம் ஆண்டில் தனி நூல் எழுதி, மறைந்து வரும் மரபணுக்களை மலடாக்கத்தால் ஒழிக்க இயலாது என்பதையும், ஓர் இனம் மற்றோர் இனத்தைவிடப் பிறவியிலேயே உயர்ந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதையும் விளக்கினார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத விஞ்ஞானிகள் சிலருக்குத் தம் துறையிலேயே இடம் தந்தார்.

மனிதர் எல்லாரும் ஒரே வார்ப்பு என்று ஹால்டேன் சொல்லவில்லை. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் பிறவி வேறுபாடு உண்டு என்றே கொண்டார். ஆனால் அவ்வேறுபாடு ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியரிடையேயும் உண்டு. ஒரு கூட்டத்தார் அனைவருக்கும் ஒரே முத்திரை குத்துவதற்கு அதில் இடமில்லை. நல்ல உணவும் பள்ளியும் கிடைக்காத பிள்ளையின் பிறவித் திறமையை அளந்துவிட்டதாகச் சொல்வதிலும் பொருளில்லை. காய்ந்த நிலத்தில் விதைத்துவிட்டு விதையைக் குறை கூறும் உழவன் எவனும் நம்மூரில் இல்லை.

சோதனையும் தவறும்

1939ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். காரணம் அறிய ஹால்டேன் காற்றடைத்த அறையில் தம்மையே பூட்டிக்கொண்டு, கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்து அதன் விளைவுகளைக் குறித்தார். பிறர் உடலைச் சோதனைக்கு ஆளாக்குமுன் தம் உடலைத் தந்தவர் அவர்.

அவரிடம் தவறே இல்லை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. தொழிலாளர் ஆட்சியில் நம்பிக்கை கொண்டு பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே பொய் என்று கூறி, அரசின் துணையோடு மரபியல் அறிஞர்களை ஒடுக்கினார். 1928ஆம் ஆண்டில் ஹால்டேனை அந்நாட்டில் வரவேற்ற அறிஞர் வாவிலோவ் சிறையிலேயே 1943ஆம் ஆண்டில் மாண்டார். உண்மை அறிந்திருந்தும் ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்க நெடுநாள் தயங்கினார். பின்னர்க் கட்சியிலிருந்து விலகினார். தாம் நேசிக்கும் இயக்கமே ஆயினும், அது பிழை செய்யும்போது உரிய காலத்தில் சொல்லியாக வேண்டும் என்னும் பாடத்தை இதிலிருந்தும் நாம் பெறலாம்.

இந்தியக் குடிமகன்

1956ஆம் ஆண்டில் பிரிட்டன் எகிப்தின் மீது படையெடுத்தது. அதனைக் கண்டித்தும், இந்தியாவின் மீதிருந்த பற்றாலும் ஹால்டேன் 1957ஆம் ஆண்டில் பதவியை விட்டு, உயிரியல் அறிஞரான மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்தார். மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணி ஏற்றார். இந்திய உடை உடுத்தினார், புலாலை விட்டார், 1961ஆம் ஆண்டில் இந்தியக் குடிமகன் ஆனார்.

பெரிய கருவிகள் இல்லையே என்று இங்குள்ளோர் ஏங்கியபோது, எண்ணத் தெரிந்த மாணவனுக்கு வேப்பமரமும் வயலும் குளவிக் கூடும் ஆய்வுக்கூடமே என்று காட்டினார். பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணுவதும் அவர் மாணவருக்கு ஆராய்ச்சி ஆயிற்று. நிறுவனத்துடன் கருத்து வேறுபாடு எழவே அங்கிருந்து விலகி, 1962ஆம் ஆண்டில் புவனேஸ்வரம் சென்று, ஒரிசா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

தென்னாட்டில் அவர் கருத்தைக் கவர்ந்த செய்திகளுள் ஒன்று உறவு மணம். அவர் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் தாய்மாமன், மருமகள் திருமணங்களையும், மாமன் அத்தை பிள்ளைகளின் திருமணங்களையும் கணக்கெடுத்தார். இது நம் வீடுகளின் செய்தி ஆகையால் சற்று விளக்குகிறேன். நம் ஒவ்வொருவரிடமும் பழுதான சில மரபணுக்கள் மறைந்திருக்கின்றன. இணையான மற்றொன்று நலமாயிருப்பதால் தீங்கு தெரிவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவராயின், அதே பழுது இருவழியாகவும் வந்து குழந்தையிடம் கூடக்கூடும். ஏதேனும் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு, மாமன் அத்தை பிள்ளைகள் மணந்தால் 16இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் 8இல் ஒன்று.

உறவில் மணந்தோர் பிள்ளைகள் எல்லாரும் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக்குறை காணப்படுமாயின், மாமன் அத்தை பிள்ளைகள் மணத்தில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. முன்னமே உறவில் மணந்தவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. சூல்கொண்டவுடன் மருத்துவரிடம் உறவுமுறையைச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்வது நலம். இனி மணம் பேசுவோர் சொத்துப் போகாதிருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்ணை மாமனுக்கே கொடுக்க வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அகமணம் என்னும் சுவர்

உறவு மணம் சிறிய வட்டமானால், சாதிக்குள்ளேயே மணப்பது அதனினும் பெரிய வட்டம். 1916ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராயிருந்த அண்ணல் அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அதில் நிறுவினார். மரபணுச் சோதனை இல்லாத காலத்தில் அவர் கண்ட உண்மைக்கு விஞ்ஞானம் பின்னாளில் துணை வந்தது. ஐதராபாத்திலுள்ள மரபணு ஆய்வு மையமும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டின் பல்வேறு மக்கள் பெருமளவில் கலந்தனர். அதன் பின்னரே மணச்சுவர்கள் இறுகின. கலப்பில்லாத கூட்டம் என்று பெருமை பேச எவருக்கும் இடமில்லை. சுவர் உலகம் தோன்றிய நாளிலிருந்தே இருந்ததும் அன்று.

இறுதி நாட்கள்

ஹால்டேன் புற்றுநோயால் தாக்குண்டு, 1964ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் புவனேஸ்வரத்தில் காலமானார். நோய் கண்டபின் அந்நோயையே நகைச்சுவையாகப் பாடி, அறிகுறி தெரிந்தவுடன் மருத்துவரை நாடுமாறு மக்களுக்கு உணர்த்தினார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் சோதனைக்குத் தந்த உடலை இறந்தபின் மாணவர் படிப்புக்குத் தந்துவிட்டார்.

நமக்குரிய பாடம்

நம் பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில், மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் வேதப் பள்ளியும் இருந்ததைக் கூறுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலைக் கூறுகிறது. இவை நம் வட்டாரத்தின் பெருமைகளே. ஆனால் அக்குடத்தில் பெயர் இடுவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலமும் வேத அறிவும் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. நம் முன்னோரின் பெயர் அக்குடத்தில் விழவில்லை என்றால், அதற்குக் காரணம் அவர்கள் குருதியா, அன்றி அந்த விதியா? ஹால்டேன் படித்த மரபியலில் நிலத்துக்கும் வேதத்துக்கும் மரபணு கிடையாது.

தலைமையாசிரியன் என்ற முறையில் ஒரு சொல். ஒரு பிள்ளை கணக்கில் தவறினால் இது இந்தப் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைவிட வருந்தத்தக்கது, நம் பிள்ளைகளே தமக்குள் அவ்வாறு சொல்லிக்கொள்வது. அடுத்த முறை அச்சொல் காதில் விழும்போது, விஞ்ஞானப் பட்டமே இல்லாது மரபியலின் முன்னணியில் நின்ற ஹால்டேனை நினைவுகொள்ளுங்கள். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திவரும் பணியின் பொருளும் அதுவே. பிறக்கும் பிள்ளைக்கு இயற்கை தருவதை நாம் மாற்ற இயலாது. தாய்க்கு நல்ல உணவும், பேறுகாலத்தில் மருத்துவமும், பிள்ளைக்குப் பள்ளியும் தருவது நம் கையில் இருக்கிறது. அதைக் குறைவின்றிச் செய்வோமாக.